தாடிய எடுத்துட்டா சரியாப் போயிடுமா

அண்ணாமலை நகர்ல லாட்ஜுல தங்கிப் படிக்கற பசங்கள நம்பி நான் ஒரு சிடி கடை வெச்சிருந்தேன். படத்த வாடகைக்கு விடற கடை. ரெண்டாயிரத்தி ஆறு, ஏழுல அது நல்லாத்தான் ஓடுச்சு. மத்த கடையில சண்டைப் படம், சிரிப்புப் படம்னு பிரிச்சு வெப்பாங்க. நான் காதல் படத்துக்குள்ளயே தனியா ஒரு தட்டு வெச்சிருந்தேன். காதல்ல மனசு கொழம்பிப் போயி, கடைசில தெளிஞ்சு வர்ற படம் எல்லாம் அதுல. பரீட்சை முடிஞ்ச வாரம் அந்தத் தட்டு காலியாயிடும்.

அந்தப் படத்த எல்லாம் பாத்துப் பாத்து நானே பாதி டாக்டர் ஆயிட்டேன். மனசு கெடறதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணுதான், காதல். ஆம்பளைக்குக் கெட்டா தாடி வளரும். பொம்பளைக்குக் கெட்டா முடி அவுந்து, வெள்ளைப் பொடவ வந்துடும். வைத்தியமும் ரொம்ப ஜாஸ்தி இல்ல. மண்டைல எங்க அடிபட்டுச்சோ அதே எடத்துல மறுபடி அடிபடணும். இல்லன்னா பழைய பாட்ட யாராச்சும் பாடணும், கண்ணு ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரணும். ஒடனே டாக்டரு கண்ணாடியக் கழட்டிட்டு அதிசயம்னுவாரு. அதுக்கு முன்னாடி அவரு என்னா வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேட்டதில்ல.

இவ்ளோ அறிவோட நான் ஒக்காந்திருந்தப்பதான், என் வூட்டுக்காரியோட தம்பி எங்க வூட்ல வந்து தங்கினான். நெல்லிக்குப்பத்துல டிராக்டர் மெக்கானிக். கொஞ்ச மாசமா வேலைக்குப் போவல. தூக்கம் இல்ல, சோறு எறங்கல, காரணமே இல்லாம அழுவறான். கடலூர்ல ஒரு டாக்டரு பாத்து மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாரு. "சுகரு, பிரஷரு மாதிரிதான் இதுவும். நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும், நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாரு. எடம் மாறி இருந்தா நல்லதுன்னு அவன் அக்காதான் கூட்டியாந்தா. வர்றப்ப மார் வரைக்கும் தாடி.

தாடியப் பாத்ததும் எனக்கு வெளங்கிடுச்சு. எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே வெளங்கிடுச்சு. பால்காரரு, "மாலை போட்டிருக்காரா"ன்னு கேட்டாரு. இல்லன்னதும் கொரலத் தாழ்த்தி, "அப்ப லவ் ஃபெயிலியரா"ன்னாரு. எங்க ஊர்ல தாடிக்கு மூணாவதா ஒரு காரணம் கெடையாது.

நானும் ஆரம்பிச்சேன்.

"யாரு மச்சான் அது?"

"எது மாமா?"

"அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"அதத்தான் நான் கேக்கறேன்."

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. பிளேடப் புடிக்கக் கை வரல. அவ்ளோதான்."

என் தட்டுல இருந்த ஹீரோ எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்லுவானுங்க. அதனால நான் விடல. டீ குடிக்கறப்ப கேட்டேன், துணி காயப்போடறப்ப கேட்டேன். ஒரு நாளு அவனால பொறுக்க முடியல. "கீரப்பாளையம் பஸ் ஸ்டாப்புல சாயங்காலம் பச்சத் துப்பட்டா போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்கும் மாமா. அதான், போதுமா"ன்னான்.

கடையச் சாத்திட்டு டிவிஎஸ்ஸ எடுத்தேன். பொண்ணு கிட்டப் பேசணும், கூட்டியாந்து இவன் முன்னாடி நிறுத்தணும், கண்ணு ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி. வழியெல்லாம் இதே யோசனை. அங்க போயிப் பாத்தா ஸ்டாப்பு முழுக்க பச்சத் துப்பட்டா. பக்கத்துல தையல் கத்துக் குடுக்கற சென்டராம், அதுக்கு யூனிஃபார்ம் அது. நான் ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்த சென்டர் டீச்சரு கிட்ட வந்தாங்க.

"யாரத் தேடறீங்க?"

"பச்சத் துப்பட்டா போட்ட பொண்ணுங்க."

அவுங்க செருப்பக் கழட்டல. ஆனா குனிஞ்சு காலப் பாத்தாங்க. நான் வண்டியத் தள்ளிக்கிட்டே ஓடி, ஓட்டத்துலயே ஸ்டார்ட் பண்ணேன்.

வூட்டுக்கு வந்து இதச் சொன்னதும் மச்சான் சிரிச்சான் பாருங்க, பொறையேறிப் போச்சு. "அந்த யூனிஃபார்மப் பஸ்ல வர்றப்பப் பாத்தேன் மாமா. நீ நெசமாவே போவன்னு யாரு கண்டா"ன்னான். சிரிப்புச் சத்தம் கேட்டு என் வூட்டுக்காரி கரண்டியோட வெளிய வந்தா. தம்பி சிரிச்சு எத்தினி மாசமாச்சோ. அப்பிடியே தரைல ஒக்காந்து அழுதுட்டா. கண்ணு ஓரத்துத் தண்ணி வந்துச்சுதான், ஆளு மாறி வந்துச்சு.

எனக்கு அது போதும். தெளிஞ்சிட்டான்னு அறிவிச்சேன். தெளிஞ்சா அடுத்த சீன்ல தாடி இருக்கக் கூடாது. மறுநாளே தெக்கு சன்னதிப் பக்கம் ஒரு சலூனுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வழிச்சு உட்டுட்டேன். சேதி கேட்டு மாமியா நெல்லிக்குப்பத்துலேர்ந்து வந்தாங்க. பையன் கன்னத்தத் தடவிப் பாத்துட்டு, "மொகம் தெளிஞ்சிடுச்சு. இனிமே எதுக்கு அந்த மாத்திரை கண்றாவி. ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிடும், என்னா மாப்ள"ன்னாங்க. நான் தலைய ஆட்டினேன்.

"டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னாரும்மா"ன்னா என் வூட்டுக்காரி.

"டாக்டரு தாடியோட பாத்தாரு. இப்ப வந்து பாக்கட்டும்."

மாத்திரை அட்டை மாமியா பைக்குள்ள போயிடுச்சு.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மச்சான் கடைக்கு வந்தான். என் தட்டையே பாத்துக்கிட்டு நின்னான்.

"மாமா, இதுல எந்தப் படத்துலயாச்சும் ஹீரோ மாத்திரை போடறானா?"

யோசிச்சேன். ஒருத்தன் தூக்கி எறிவான். இன்னொருத்தனுக்கு வில்லன் மாத்தி வெப்பான். தண்ணிய ஊத்தி முழுங்கற ஆளு ஒருத்தனும் ஞாபகத்துக்கு வரல.

"தெளிஞ்ச ஒடனே படத்த முடிச்சிடறானுங்க. மறுநாளு காலைல அவன் எழுந்திரிக்கணும்ல மாமா. அத எவனும் எடுக்கல." கைய நீட்டிக் காட்டினான், நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. "மறுபடி தூக்கம் போச்சு. பழைய மாதிரி ஆயிடுவனோன்னு பயமா இருக்கு."

ஷட்டர எறக்கிட்டு ரெண்டு பேரும் கடலூர் பஸ் ஏறினோம். டாக்டரு திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. மறுபடி எழுதிக் குடுத்தாரு.

கொஞ்சங் கொஞ்சமா மச்சான் தேறி, ஊருக்குப் போயி டிராக்டரு கிட்ட ஒக்காந்தான். ஆனா தாடி மறுபடி வளந்துச்சு. நான் பதறிப் போயி நேர்ல போனேன்.

"பயப்படாத மாமா. கை நல்லா வருது"ன்னு ஸ்பேனரச் சுத்திக் காட்டினான். "தாடி இருந்தா அம்மா மாத்திரைல கை வெக்காது. கல்யாணப் பேச்சும் எடுக்காது."

நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்புட்டு, கிரீஸு படாம தாடிய ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கிட்டு வருசக் கணக்குல ஓட்டினான். ஊரே பாவம்னு பாத்துச்சு. மாத்திரை மட்டும் நிக்காம உள்ள போச்சு. தாடி இல்லாத நான்தான் மூல வியாதிக்கு மாத்திரை வாங்கி வெச்சுட்டுப் போட மறந்துக்கிட்டு இருந்தேன்.

கடைசில மாமியாதான் எறங்கி வந்தாங்க. தாடியோடயே கல்யாணம் பண்ணிக்கட்டும்னுட்டாங்க. பொண்ணு வூட்ல எதா இருந்தாலும் நானே சொல்லுவேன், யாரும் மறைக்கக் கூடாதுன்னு மச்சான் ஒரே கண்டிசன் போட்டான். கடலூருக்குப் பொண்ணு பாக்கப் போனோம். கேசரி, பஜ்ஜி வந்துச்சு. பொண்ணோட அப்பா தாடிய ரெண்டு தடவ பாத்துட்டு மெதுவாக் கேட்டாரு.

"ஏதாச்சும் வேண்டுதலா தம்பி?"

"ஆமாங்க, கொலதெய்வத்துக்கு"ன்னு நான் முந்திக்கிட்டேன்.

"இல்லைங்க, மாத்திரைக்கு"ன்னான் மச்சான்.

மாமியா என் தொடையக் கிள்ளினாங்க. மச்சான் எல்லாத்தையும் சொன்னான், அழுதது, வேலைக்குப் போவாதது, டாக்டரு, தாடி, இப்பவும் மாத்திரை போடறது, எதையும் உடல. வாசல்ல செருப்ப எங்க உட்டோம்னு நான் யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

உள்ரூம் கதவோரமா நின்னுக்கிட்டு இருந்த பொண்ணு வாயத் தொறந்துச்சு.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி"ன்னான் மச்சான்.

அது கிட்ட வந்து கேசரித் தட்ட அவன் பக்கம் நவுத்தி வெச்சுச்சு.

"அப்ப மொதல்ல சாப்புடுங்க."