ஜெயபாலனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது

என் மனுசனுக்கு வாய் இருக்கிறது, அதில் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் கிடையாது. ஒக்லாந்தில் நாங்கள் இருக்கிற மவுண்ட் ரோஸ்கிலில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். விடியக்காலை விமான நிலையத்துக்குப் போக வேண்டுமா, வீடு மாற ஆள் வேண்டுமா, கோயிலில் அண்டா தூக்க வேண்டுமா, ஜெயபாலனைத்தான் கேட்பார்கள். “ஓம், அதுக்கென்ன” என்பார். கிழமையில் ஐந்து நாள் பஸ் ஓட்டுகிற மனுசன், ஆறாம் நாள் பிறத்தியாருடைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நான் கத்துவேன். கத்தி என்ன பயன்?

அப்படி ஒரு ‘ஓம்’தான் எங்களை 2015 ஜூலையில் ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. அங்கே கெல்ன் நகரத்தில் இருக்கிற இவருடைய அண்ணர் குமாரசாமிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ். மனைவி யோகராணி அக்காவின் இரத்தம் பொருந்தவில்லை. பிள்ளைகளும் இல்லை. “ஒண்டை நான் தாறன் அண்ணை” என்று இவர் போனில் சொல்லிவிட்டு, பிறகுதான் எனக்குச் சொன்னார். கோபம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, பெருமையாகவும் இருந்தது.

ஒக்லாந்தில் சோதித்தார்கள். பறக்க ஒன்பது நாள் இருக்கும்போது, முடியாது என்றுவிட்டார்கள். இவருக்கே சீனி வருத்தமாம், நீரிழிவு, நாலைந்து வருஷமாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது. நான் கொடுக்கலாமா என்று கேட்டேன். என் இரத்தமும் சேரவில்லை. “நேரில போய்ச் சொல்லுவம் வேதா, இது போனில சொல்லுற கதையில்லை” என்றார். நானும் தலையாட்டினேன். போய் இறங்கி ஐந்து நாளாகியும் மனுசன் வாய் திறக்கவில்லை. அக்கா மூன்று வேளையும் மீனும் முட்டையுமாக இவருக்குப் படைக்க, நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. முந்தின நாள் டயலிசிஸ் முடிந்திருந்ததால் குமாரசாமி அத்தானுக்குக் கொஞ்சம் தெம்பு. றைன் ஆற்றங்கரையில் போப்பார்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, ரயிலில் போய் வருவோம் என்று அவர்தான் எல்லாரையும் வெளிக்கிடுத்தினார். எங்கள் மகள் அஞ்சனாவுக்குக் கோட்டைகள் பார்க்க ஆசை. ஸ்டேஷனில் இவரைத் தனியே இழுத்து, “இண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன். அதற்கும் “ஓம்” என்றார்.

ரயில் ஆற்றை ஒட்டியே போனது. அண்ணனும் தம்பியும் முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்தார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் தாண்டத் தாண்ட நான் இவருடைய காலை மிதித்தேன். இவர் யன்னலைப் பார்த்து, “எவ்வளவு தண்ணி என்ன அண்ணை!” என்றார். அட கடவுளே! ஒரு நாளைக்கு அரை லீட்டருக்கு மேல் குடிக்கக் கூடாத மனுசனிடம் சொல்லுகிற கதையா இது? அத்தான் சிரித்துக்கொண்டே சின்னப் போத்தலில் ஒரு மிடறு குடித்துவிட்டு மூடியை இறுக்கினார்.

போப்பார்டில் நல்ல வெயில். அக்கா அஞ்சனாவைக் கூட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். கரையோர மர வாங்கில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் இவரைப் பார்த்தேன், இவர் சப்பாத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தான், இவருக்குச் சீனி வருத்தம். குடுக்கேலாதாம்.”



“தெரியும் பிள்ளை” என்றார் அத்தான். “வந்த அண்டைக்கே பாத்றூமில சீனிக் குளிசையைக் கண்டனான். இருவது வருஷம் அதையே விழுங்கினவன், எனக்குத் தெரியாதே?”

“பிறகேன் அண்ணை கேக்கேல்லை?” என்றார் இவர்.

“கேட்டால் நீ அழுதுகொண்டு திரிவாய். ஒரு நாளாவது உன்னோட எங்கையாவது சந்தோஷமாப் போய்வருவம் எண்டு பாத்தன்.” தம்பியின் தொடையில் தட்டினார். “நீ குளிசையை ஒழுங்காப் போடு. என்னை மாதிரி அசட்டையா இருக்காதை.”

இவர் தேம்பித் தேம்பி அழுதார். பஸ்ஸில் ஒரு குடிகாரன் முகத்தில் குத்தியபோதுகூட அழாத மனுசன். நான் என்ன செய்ய? இத்தனை நாளும் சொல்லு சொல்லு என்று மிதித்தவள், என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். தூரத்தில் அக்கா ஐஸ்கிரீமோடு வருவது தெரிந்தது.

“யோகராணிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ” என்றார் அத்தான் அவசரமாக. “நீங்கள் போனாப்பிறகு நான் ஆறுதலாச் சொல்லுறன். அவள் இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கியிருக்கிறாள்.”

திரும்பி வரும் ரயிலில் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணனும் தம்பியும் எதிரே கண்ணை மூடியிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்தார்.

“வேதா, நீர்தான் உள்ளதை உள்ளபடி சொல்லுற ஆள். ஒபரேசனுக்குப் பிறகு தம்பி படி ஏறக் கூடாதாம் எண்டு கேள்விப்பட்டன். கீழ் அறைக்குப் புதுசாப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறன். எத்தினை கிழமை படுத்திருக்கவேணும்?”

அத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஆறு கிழமை அக்கா” என்றேன்.

“அப்ப கட்டிலை யன்னலடிக்கு மாத்திவிடுறன்” என்றார் அக்கா. “தம்பிக்கு வெளிச்சமா இருக்கும்.”