தம்பி அழுத கோயில்

இன்று காலை கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியே கரும்புச் சோகை எரியும் வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன கோடையில் அப்படி யாரோ பற்றவைத்த சோகையிலிருந்து காற்றில் பறந்த பொறிதான், எங்கள் பாட்டன்மார் கட்டிய மாதா கோயிலின் மரக்கூரையில் விழுந்தது.

சிறுவயதில் ஞாயிறுதோறும் அம்மா என்னை அங்கே கூட்டிப்போவாள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே தரை குளிர்ந்திருக்கும், உத்தரத்தில் புறாக்கள் முனகிக்கொண்டிருக்கும், மெழுகும் சாம்பிராணியும் மணக்கப் பெண்கள் இழுத்து இழுத்துச் செபம் சொல்ல, அம்மா மட்டும் வாசலருகே இருந்த ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைத் தடவியபடி உட்கார்ந்திருப்பாள். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பிக்கு அதில்தான் தண்ணீர் ஊற்றினார்கள், வீறிட்டு அழுதானாம். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

தீ அணைந்த மறுநாள், சபையார் எல்லோரும் சாம்பலில் நின்று அழுதோம். சுவர்கள் சரிந்து, கல்தொட்டி வெடித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது. இப்போது தகரக் கொட்டகையில்தான் பூசை. அம்மா வருவதில்லை.

போன ஞாயிறு வீட்டில், "புதுசா, பெருசா கட்டப் போறாங்கம்மா," என்று சொல்லிப் பார்த்தேன்.

"கட்டட்டும்டா. அவன் அழுதத கேட்ட செவுரு அது. இனிமே நான் எங்க ஒக்காந்துக்கினு அவன நெனைக்கறது?"

தெருக்கோடிக் கொட்டகையில் பாட்டு ஆரம்பிப்பது கேட்டது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.