இரண்டு வலது இறக்கைகள்

என் சகலையை எனக்குப் பிடிக்காது. மனைவியின் அக்காள் கணவர் என்றால் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஞாயிறுதோறும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஈசூனுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் அப்போது பால்சா என்ற லேசான மரத்தின் துண்டுகளை ஒட்டி, ரிமோட்டில் பறக்கும் இரட்டை இறக்கை விமானம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். அவரிடம் இருப்பதெல்லாம் கடையில் ரெடிமேடாக வாங்கிப் பறக்கவிட்டவை. என் மேசையை எட்டிப் பார்த்து, "இது பறக்காது லா" என்றார்.

"வாயத் தொறக்காதீங்க சகலை. நான் கேட்டா மட்டும் சொல்லுங்க" என்றேன். மனைவி என்னை முறைத்தாள். அவர் சிரித்தபடி வடையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த விமானம் அவர் கண் முன்னால் பறக்க வேண்டும். அதற்காக எட்டு மாதம் உட்கார்ந்தேன். தேக்கா கடைத்தெருவில் தையல் சாமான் கடையில் குண்டூசி வாங்கிவந்து, வரைபடத்தின் மேல் ஒவ்வொரு சட்டமாகக் குத்தி நிறுத்தி, பசை காயும்வரை மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

மேல் இறக்கை ஒரே துண்டு. கீழே வலம் ஒன்று, இடம் ஒன்று. வரைபடத்தில் இருந்தது வலது பக்கம் மட்டும். இடதுக்குத் தாளைத் திருப்பிப் போடவேண்டும். எனக்கு அது உறைக்கவேயில்லை. உடலோடு பொருத்திப் பார்த்த அன்று, இரண்டுமே வலது இறக்கைகளாக இருந்தன.

"போன மாசமே பாத்தேன். நீங்கதான் கேக்கலியே" என்றார் சகலை. ஒன்றை உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பறக்கவிட அனுமதியுள்ள திடல் கிராஞ்சிப் பக்கம் இருந்தது. பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் அவர் காரில்தான் போகவேண்டியிருந்தது. நான் ஒருமுறைகூட விமானம் பறக்கவிட்டதில்லை என்று சொல்லி, மனைவி ரிமோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அதை விமானத்தோடு இணைத்ததும் அவர்தான். ரிமோட்டின் குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இறக்கை மடல்கள் அசைந்தன. "ஓகே லா" என்றார்.

அசைகிறதா என்று மட்டும் பார்த்தார். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே ஏற வேண்டும். அது கீழே இறங்கியது. நான் பார்த்தேன். கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை.

விமானம் புல்லை விட்டு எழும்பியது. கொஞ்ச தூரம் நேராக, அவ்வளவு அழகாகப் போனது. பிறகு காற்றில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. அதை நிமிர்த்த அவர் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். அது இன்னும் இடப்பக்கமே சாய்ந்து, கவிழ்ந்து, மூக்கு குத்தி விழுந்தது.

அவர்தான் ஓடிப் போய்ப் பொறுக்கினார். துண்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"சாரி சகலை. என் தப்புதான், சரியா செக் பண்ணல. நீங்க நல்லாதான் கட்டியிருந்தீங்க. பறந்துச்சே, பாத்தீங்கல்ல?"

"பரவால்ல" என்றேன்.

மடலை நான் பார்த்ததை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. இப்போது அவரை முன்னைவிடவும் பிடிக்காது.