ஷார்ஜாவில் இருந்துகொண்டு மரக்காணத்தில் உப்பு ஏற்றினேன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயப்படுவதில் மட்டும் பெரிய படிப்பு. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் வந்தால் போதும், மரக்காணத்து உப்பெல்லாம் கரைந்து என் தலைமேல் ஓடுவது போல் இருக்கும். உப்புத் தரகு என் தொழில். உப்பள முதலாளியிடம் சரக்கைப் பார்த்து, தோல் கெடாமலிருக்க உப்புத் தடவும் வேலூர்ப் பக்கத்துத் தோல் கிடங்குகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஈரச் சரக்கு போனால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஈரம் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியல் மேல் ஏறி நடப்பேன். காய்ந்த உப்பு காலடியில் நொறுக் நொறுக்கென்று பேசும். ஈர உப்பு சளக்கென்று முனகும். கண்ணை நம்பவே மாட்டேன். மேல் உப்பு வெயிலில் மினுக்கி ஏமாற்றிவிடும்.

2005 கோடையில் ஷார்ஜாவிலிருந்து லாத்தா, என் அக்கா, விசிட் விசா அனுப்பினாள். "ஒரு மாசம் வந்துட்டுப் போடா. நம்ம கோட்டக்குப்பத்து ஆம்பளைங்க பாதிப் பேரு இங்கதான் இருக்கான். நீ மட்டும் என்ன, உப்புக்குக் காவலா?"

முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போ பாய். ஆனா ஒரு லோடு திரும்பி வந்துச்சுன்னா, நீயும் வந்து வேற வேல தேடிக்க."

"போன்லயே பாத்துக்கிறேங்க முதலாளி" என்று சொல்லிவிட்டேன். போனில் எப்படி உப்பைப் பார்ப்பது? விமானம் ஏறும்வரை அதே கவலை. ஏறியபிறகு, இறக்கை ஏன் இப்படி ஆடுகிறது என்ற கவலை வந்து அதை அமுக்கிவிட்டது.

போய் இறங்கினேனோ இல்லையோ, தலைகால் புரியவில்லை. லாத்தாவின் வீட்டுக்காரர், என் மச்சானுக்கு வேனில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடும் வேலை. அவர் பக்கத்து சீட்டில் நான், மடியில் அவருடைய பழைய செல், சட்டைப் பையில் போன் கார்டு. அஜ்மான் போனோம், ராசல் கைமா போனோம். ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டே தோல் கிடங்குக்காரரிடம் பேசி முடித்தேன். ஏசி போட்ட பெரிய கடையில் நகரும் படிக்கட்டில் ஏறும்போது லாரி பிடித்தேன், இறங்கும்போது டிரைவரிடம் வழி சொன்னேன். தள்ளி இருந்து வேலை செய்வதில் இத்தனை சுகமா! உள்ளங்கால் வெடிப்பு ஆறிவிட்டது. முதலாளி கத்தினால் போனை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கலாம். அங்கே பத்து மணி என்றால் இங்கே எட்டரைதான். கவலைப்பட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகவே கிடைத்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ஃபுஜைரா கடற்கரையில் வேனை நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தோம். முதலாளியிடமிருந்து மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"பாய், நேத்து சாயங்காலம் மழ தூத்திட்டுப் போச்சு. இப்ப வெயிலு சுள்ளுனு அடிக்குது. உப்பு கண்ணாடி மாதிரி மின்னுது. லாரி நிக்குது, ஏத்தட்டுமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "மேல ஏறி நடங்க முதலாளி. போனக் காலுகிட்ட புடிங்க."

கரகரவென்று ஏதோ கேட்டது. "செருப்பு போட்டிருக்கீங்களா?"

"ஏம்பா, வெறுங்கால்ல உப்புல நடக்கணும்னு எனக்கென்ன தலயெழுத்தா?"

போன் கை மாறியது. உப்பு சுமக்கும் அக்காவின் குரல். எப்போதும் என்னை வம்புக்கிழுப்பவர். "இன்னா பாய், துபாய்க்குப் போயும் எங்க காலத்தான் நம்பிகினு கீறியா?"

"யக்கா, கேலியெல்லாம் அப்புறம். ஏறி நட. மெதுவா."

நொறுக். நொறுக். நொறுக். அடடா, என்ன அழகான சத்தம்!

"காய்ஞ்சிருக்குக்கா! ஏத்தச் சொல்லு!" என்று எழுந்து குதித்தேன். சத்தம் நிற்கவில்லை. "போதும்க்கா, நடக்காத."

"நான் எங்க நடக்குறேன்? இன்னும் ஏறவே இல்ல. பொடவய சொருவிகினு நிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தேன். மச்சான். மடியில் ஊரிலிருந்து என் உம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா.

"நிறுத்துங்க மச்சான்!"

"என்னடா, மூணாவது முறுக்குதான் தின்றேன்!"

"என் வேலயே போயிடும், வாய மூடுங்க!"

மச்சான் கடித்த முறுக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிலையாக உட்கார்ந்தார். அங்கே அக்கா ஏறினார். மேலே நொறுக்கென்றுதான் கேட்டது. "அடியில மம்முட்டியால வெட்டி, அங்க கால வைக்கா" என்றேன்.

சளக்.

"ஏத்தாதீங்க முதலாளி!"

"கண்ணு முன்னால காய்ஞ்சு கெடக்குது. நீ எங்கயோ உக்காந்துகினு ஏத்தாதன்றியே!"

"ரோட்டோரமா கீத்து போட்டு மூடின குவியல் இருக்குதில்ல, அதுல ஏத்துங்க. அதையும் கேட்டுட்டுத்தான்."

அக்கா அதன்மேல் ஏறினார், வெட்டினார், நடந்தார். அடிவரைக்கும் நொறுக் நொறுக். மச்சானைப் பார்த்தேன். இன்னும் மெல்லவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "இப்ப மெல்லுங்க மச்சான்" என்றேன்.

லாரி கிளம்பிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தத்தைச் சரியாகத்தான் கேட்டேனா? அலைச் சத்தம் கலந்திருந்தால்? லாத்தா பிரியாணியே செய்து வைத்தும் தொடவில்லை. மூன்றாம் நாள் மிஸ்டு கால் வந்தது. உடனே கூப்பிட்டேன்.

"எறக்கிட்டாங்க பாய். ஒரு மூட்டகூடத் திரும்பல!"

வேனுக்குள்ளேயே ஆடினேன். மச்சானுக்கு முறுக்கு டப்பாவை முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

மாசம் முடிந்து ஊர் திரும்பியதும் நேராக உப்பளத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். முதலாளி கையை நீட்டி மறித்தார்.

"நில்லு பாய். கிட்ட நின்னா ஒரே குவியல பத்து வாட்டி மிதிப்ப, அப்பவும் சந்தேகம் தீராது. ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில போயி உக்காரு. அக்கா நடக்கும், நீ போன்ல கேளு."

உலகம் சுற்றிய தரகனாக, டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு குவியல்மேல் ஏறுவது தெரிந்தது. நொறுக்கென்று ஒரு சத்தம் வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்தது.

"பக்கத்துல எவனாச்சும் முறுக்கு துன்றானான்னு மொதல்ல பாத்துக்க பாய்!"