ஹாமானுக்குக் கம்பி போட்ட கெயூலா

யூதர்களின் புரீம் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் கெயூலா ஸபாரியின் கடை வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எஸ்தர் ராணியின் பெயரில் விரதம். இருட்டும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. பசித்த கூட்டத்துக்கு வாய் நீளம்.

"கெயூலா, காது வெந்துச்சா இல்லியா? வயித்துக்குள்ள எலி ஓடி முடிச்சு இப்போ பூனை ஓடுது!"

"வெந்தா மட்டும் இப்பவே திங்கவா போறே? வரிசையில நில்லு."

காது என்றால் ஹாமானின் காது. யூதர்களைப் பூண்டோடு அழிக்கக் கிளம்பி, கடைசியில் எஸ்தர் ராணியால் தானே தூக்கில் தொங்கிய பாரசீக மந்திரியின் பெயரில் மூன்று மூலையாக மடித்துச் சுடும் பலகாரம். ரோஷ் ஹாயின் ஊரின் மற்றக் கடைகளில் உள்ளே கசகசாப் பூரணம்தான் இருக்கும். கெயூலாவின் கடையில் பேரீச்சம்பழத்தோடு, அவள் வீட்டு ஏமன் காப்பியில் போடும் சுக்கும் ஏலமும் கிராம்பும்.

இருபது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில், உப்பும் காரமும் இல்லாத சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றியவள் அவள். ஒரு நாளாவது ஒரு சிட்டிகை மிளகு போடலாமா என்று கேட்டு, வேண்டாம் என்ற பதிலை வாங்கி வாங்கி ஓய்ந்துபோனாள். வேலையை விட்ட கையோடு, ஹனுக்கா பண்டிகைக்குப் பொரிக்கும் பன்னுக்குள் ஜாமுக்குப் பதில் மாதுளையையும் மிளகையும் வைத்தாள். தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டது. அந்தத் தைரியத்தில் திறந்த கடை இது. இதுதான் முதல் புரீம்.

"காப்பியைக் குடிக்கணும், மடிச்சுத் திங்கக் கூடாது" என்று அவள் நாத்தனார் பிரஹா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே மடித்துக்கொண்டும் இருந்தாள்.

பூரணம் ஒன்று, மாவு இரண்டு. நாளைய விருந்தில் இறைச்சிக்குப் பிறகு தின்ன, எண்ணெய் விட்டுப் பிசைந்தது. காலைப் பசிக்கு, வெண்ணெய் போட்டது. இறைச்சியையும் பாலையும் ஒன்றாகத் தொடாத சனம் என்பதால் அடுப்பும் இரண்டு, பாத்திரமும் இரண்டு. ஆனால் ஆறவைக்கும் மேசை ஒன்றுதான். விடிந்ததிலிருந்து காப்பி மசாலா வாசத்தில் நின்றும் ஒரு வாய் காப்பி குடிக்காத தலை கிறுகிறுக்க, கெயூலா தட்டுகளைக் கவிழ்த்துக் கொட்டினாள். கொட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் ஒரே குவியலில் விழுந்திருப்பது.

வேறு நாளென்றால் மூலையைக் கிள்ளி வாயில் போட்டால் தெரிந்துவிடும். இன்று வாய்க்குப் பூட்டு.

அந்த நேரம் பார்த்து மத விதிப்படி உணவுச் சுத்தம் பார்க்கும் யூத குரு, ரபி எல்கானா, உள்ளே வந்தார். முப்பது வயதுக்காரர், அவரும் பட்டினி.

"இதுல எது வெண்ணெய்?"

"கலந்துடுச்சு, ரபி. ஆனா தட்டுல சீட்டு ஒட்டித்தான் வச்சிருந்தேன்."

"தட்டா வீட்டுக்குப் போகுது? இதை வாங்கிட்டுப் போறவங்க நாளைக்கு இறைச்சி தின்னுட்டு இதைக் கடிச்சா என்ன ஆகும்? பார்த்த உடனே தெரியணும்மா. பால் சேர்ந்ததுக்கு உருவமே வேறயா இருக்கணும்." சுவரில் மாட்டியிருந்த, அவர் கொடுத்த உணவுச் சுத்தச் சான்றிதழைப் பார்த்தார். "இந்தக் குவியல் மொத்தத்தையும் பால் கணக்குல வச்சு, சொல்லித் தனியா வித்துக்கோங்க. மீதிக்கு, சாயங்காலம் ஜெபக்கூடத்துல எஸ்தர் கதை படிக்கறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா இதைக் கழட்டிட்டுப் போறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அது இறங்கினால் இந்த ஊரில் ஓர் ஆள் படியேற மாட்டார். மறுபடியும் உப்பில்லாத சூப்புதான். கெயூலாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

வெண்ணெய் மாவைச் சதுரமாக வெட்டிப் பார்த்தாள்.

"ஹாமான் வீட்டு ஜன்னலா?" என்றாள் பிரஹா.

நீளமாகச் சுருட்டினாள்.

"இப்போ மூக்கு. அண்ணி, காது இல்லாம புரீமா? சனம் தொடுமா?"

வரிசையின் முதல் ஆள், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற விட்டாலி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். துருக்கியிலிருந்து வந்த குடும்பம்.

"காது காதுன்னு ஏன் அடிச்சுக்கறீங்க? எங்க வீட்டுல ஹாமானுக்குக் காதே கிடையாது."

"பின்னே என்ன, வாலா?"

"ஜெயில்! வட்டமா மாவு, நடுவுல அவன், அதாவது ஒரு முட்டை. மேல குறுக்கும் நெடுக்குமா மாவுல கம்பி. சின்னப் பசங்க நாங்க முதல்ல கம்பியைத்தான் தின்போம், அப்புறம் அவனை."

கெயூலா அவரைப் பார்த்தாள், கையில் இருந்த மாவைப் பார்த்தாள். வெண்ணெய் மாவு வட்டமாயிற்று. முட்டைக்குப் பதில் நடுவில் பேரீச்சம்பழமும் சுக்கும். ஜெயில் என்று ஆன பிறகு கைதிக்குக் காரம் வேண்டாமா என்று மிளகையும் ஒரு கை கூட்டினாள். மேலே மாவுக் கம்பி. பிரஹா முனகிக்கொண்டே கம்பி உருட்டினாள். மூன்றாவது தட்டில் அவள் உருட்டியதுதான் நேராக இருந்தது.

எண்ணெய் மாவு பழையபடி காது. இரண்டையும் எந்தக் குவியலில் கொட்டினாலும் குழந்தைகூடப் பிரித்துவிடும்.

வெயில் சாயும்போது எல்கானா வந்தார். ஒரு கையில் காது, ஒரு கையில் ஜெயில். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெயூலா மாவுக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வெளியில திரியறவன் எண்ணெய். உள்ள இருக்கிறவன் பால்."

"ஆமா, ரபி."

"எங்க வீட்டுக்கு உள்ள இருக்கிறவன் ஆறு பேர் வேணும். காலைக்கு."

வாசலுக்குப் போய் அவரே கூட்டத்திடம் சத்தமாகச் சொன்னார். ஓர் அம்மாள், "எங்க வீட்டுக்காரர் நாள் முழுக்க என்னைத் திட்டினாரு. அவருக்கு ஒரு ஜெயில் குடு!" என்று கை நீட்ட, சிரிப்பு வெடித்தது. பின்னால் இருந்தவர்கள் முட்டித் தள்ளினார்கள்.

"விட்டாலி அண்ணே, உங்களுக்கு?"

"கம்பி கொஞ்சம் கனமா போட்டுருக்கலாம்" என்றார் அவர். "எனக்குப் பன்னிரண்டு."

ஜெபக்கூடத்திலிருந்து ஆட்களை அழைக்கும் குரல் வந்தபோது ஜெயில் தட்டு காலி. இரண்டு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். "கதையைக் கேட்டுட்டு வாங்க, சுடச்சுடத் தரேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, கெயூலா மறுபடியும் வெண்ணெயை எடுத்தாள்.

"நீ கதை கேக்க வரலியா?" என்றாள் பிரஹா, தலைத்துணியைச் சரிசெய்தபடி.

"நாளைக்குக் காலையில மறுபடி படிப்பாங்க, அப்போ வரேன். நீ போ. போறதுக்கு முன்னாடி அந்த மிளகை இப்படி நகர்த்து."