சாம்பிளுக்கு மூன்று வீடு

வீடுவீடாகப் போய் பல்பு மாற்றுவது என் தொழில். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கூப்பிடுகிறவர்களே, வெளிச்சம் வந்த மறுநாள் அதைக் குறை சொல்லவும் கூப்பிடுவார்கள். குழாய் ரிப்பேர் பார்க்கிறவர்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவர்கள், ஏசி சர்வீஸ் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஐடிஐ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தேன். பைக் ஹெட்லைட்டுக்கு ஹாலோஜன் பல்பு தயாரிக்கிற லைன். பைக்குகளெல்லாம் எல்இடிக்கு மாறியதும் லைனை மூடிவிட்டார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே எல்இடியைத்தான் இப்போது பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் சுற்றுகிறேன். ரோஷம் பார்த்தால் முடியுமா?

தனியாகத் தொழிலில் இறங்கி எனக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு, பாகலூர் ரோடு பக்கம் ஒரு லேஅவுட். அறுபது வீடு. ஒரே பில்டர் கட்டியது. ஒரு வீட்டைப் பார்த்தால் அறுபதையும் பார்த்த மாதிரி. கட்டிய காலத்து ஃபேஷன்படி சீலிங்கிலும் சமையலறையிலும் வரிசையாக ஹாலோஜன் ஸ்பாட் லைட். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கடேசன் சார் ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் மூன்று வீட்டில் முழுவதும் மாற்றிக் காட்ட வேண்டும். பதினைந்து நாள் கழித்துக் கூட்டம். மூன்று வீட்டாரும் சரி என்றால் மிச்ச வீடுகளும் எனக்கு; ஒருவர் முகம் சுளித்தாலும் கிடையாது. கிடைக்காவிட்டால் மறுபடியும் ஏதாவது கம்பெனி வாசலில் கான்ட்ராக்ட் ஆளாகப் போய் நிற்க வேண்டும். 

அணைந்தும் அணையாதது

முதல் வீடு செயலாளருடையதே. ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் ஏணியில் நிற்க, அவர் கீழே நோட்டும் பேனாவுமாக நின்றார். ஐம்பது வாட்ஸ் பல்பைக் கழற்றி ஏழு வாட்ஸ் மாட்டியதும், எடையில் ஏமாந்து தக்காளி வாங்கி வந்தவர் மாதிரி அவர் முகம் சுருங்கியது. சுவிட்சைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தெளிந்தது.

மறுநாளே போன். போனால், பட்டப்பகலில் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கி உட்கார்ந்திருந்தார். சுவிட்சை அணைத்து, மேலே பார் என்றார். பல்புகள் அணைந்துதான் இருந்தன. ஆனால் உற்றுப் பார்த்தால் மினுக்கென்று கொஞ்சம் ஒளி மிச்சமிருந்தது. அவர் வீட்டு சுவிட்சில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு உண்டு. அதன் வழியாகப் போகிற துளி கரண்ட்டுக்கு ஹாலோஜன் அசையாது. எல்இடிக்கு அதுவே போதும். சுவிட்சை மாற்றித் தந்துவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னேன். அவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டே சொன்னார்:

"ஆஃப் பண்ணா ஆஃப் ஆவணும்மா. எங்க கம்பெனியில இதுக்குப் பேரு ரிஜெக்ட்டு."

வீட்டைப் பார்த்த வீட்டுக்காரர்

இரண்டாவது வீடு கவிதாவுடையது. அவள் கணவர் விடிவதற்கு முன் பைக்கில் பெங்களூருக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை தூங்கியே கழிப்பார். அதாவது குடிவந்த ஏழு வருஷமாக மனிதர் தன் வீட்டை மஞ்சள் வெளிச்சத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். கவிதா வெள்ளை வெளிச்சம் கேட்டாள், மாட்டினேன். மஞ்சளிலும் எல்இடி உண்டு என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லையாம். சோபாவுக்குப் பின்னால் தலை பட்ட எண்ணெய்க் கறை, ஃபேன் இறக்கையில் தூசி, மூலையில் ஒட்டடை என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இது எப்போது வந்தது என்று விசாரித்திருக்கிறார். நாலாம் நாள் கவிதா என் ஸ்கூட்டியை ரோட்டிலேயே மறித்துவிட்டாள்.

"அக்கா, அவருக்கு வீடு தெரிய ஆரம்பிச்சிடுச்சு. பழைய லைட்டையே போட்டுக் குடுத்துடுங்க."

எழும்பாத மாவு

மூன்றாவது வீட்டு ரத்னம்மாக்கா ஆனேக்கல் பக்கத்துக்காரர். பாதி தமிழ், பாதி கன்னடம். நான் போனால் காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். மூவரில் இவரைத்தான் முழுசாக நம்பியிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் போனபோது காபி வரவில்லை. தட்டில் இரண்டு இட்லி வந்தது. பிட்டுப் பார்த்தேன், பிய்யவில்லை.

மாட்டிய நாளிலிருந்து மாவு புளிக்கவே இல்லையாம். அரிசியை மாற்றியிருக்கிறார், உளுந்தை மாற்றியிருக்கிறார், கிரைண்டரைத் திட்டியிருக்கிறார். கடைசியில் வீட்டுக்குப் புதிதாக வந்தது நான் ஒருத்திதான் என்று கண்டுபிடித்துவிட்டார். "லைட்டெல்லாம் சூப்பரு. இட்லிதான் கல்லு. ஏனு மாடோது, என்ன செய்றது, நீயே சொல்லு" என்று என் முகத்தைப் பார்த்தார்.

மாவுப் பாத்திரம் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். மேடை மூலையைக் காட்டினார். மேல் அலமாரிக்கு அடியில் பில்டர் வைத்த, ராத்திரி முழுவதும் எரிகிற ஸ்பாட் லைட்டுக்கு நேர் கீழே. ஓசூர் மார்கழிக் குளிரில் ஒன்பது வருஷமாக அந்த மாவைப் புளிக்கவைத்தது ஹாலோஜன் சூடு. பதினோரு வருஷம் அந்தச் சூட்டில் விரல் பொசுக்கிக்கொண்டவள் நான். எனக்கே தோன்றாமல் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது. கழற்றி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துப் பழையபடி அங்கே மாட்டினேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"மாவு மூடியத் தள்ளிகினு வந்திருக்குது சரளா. இனிமே அந்த லைட்டு மேல கை வெச்சே, அவ்ளோதான்."

கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். சார் வீட்டு சுவிட்சுகளை மாற்றிக் கொடுத்திருந்தேன். கூட்டத்துக்கு முன் வெங்கடேசன் சார் மூன்று வீட்டையும் நோட்டோடு சுற்றி வந்திருந்தார். கவிதா எழுந்து, இப்போது அவள் கணவரே துடைப்பம் எடுக்க ஆரம்பித்துவிட்டதால் வெள்ளையே இருக்கட்டும் என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. மிச்சப் பாதியை சார் எடுத்துக்கொண்டார். முழுவதும் மாற்ற வேண்டும் என்பதுதானே பேச்சு, ரத்னம்மா வீட்டுச் சமையலறையில் மட்டும் ஹாலோஜன் ஒன்று எப்படி வந்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் வரவில்லை. அது மாவுக்கு சார் என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் சாரின் மனைவி சரோஜாம்மா எழுந்தார். அவரும் அதே மூலையில்தான் மாவு வைப்பாராம். இரண்டு வாரமாக அரிசிக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம். நோட்டைப் பாருங்கள், அதில் இதையும்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றார் கணவரிடம். சார் பக்கத்தைப் புரட்டினார். பக்கத்தில் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன். 'இட்லி கடினம், காரணம் தெரியவில்லை' என்று பதினோரு நாளுக்குத் தேதி போட்டு எழுதியிருந்தார். பதினொன்றின் கீழும் ஒரு நீளக் கோடு இழுத்து, பேனாவை மூடி, என்னைப் பார்த்தார்.

"காரணம் கெடச்சிடுச்சு. மிச்ச வீடும் நீயே பண்ணும்மா. மாவு வெக்கற மூலையில மட்டும் கை வெக்காத."

ஹாலோஜன் போனதால் கம்பெனி வேலை போன எனக்கு, வீட்டுக்கு ஒரு ஹாலோஜனைப் போகவிடாமல் காப்பாற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது.