ஒரே ஊரில் இரண்டு முனுசாமி: படப்பைக்கு ஒரு பயணம்

போன ஆடி மாதம் ஓசூரிலிருந்து படப்பைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை கவிதாவின் கல்யாணம் நடக்குமா என்று தெரிந்துகொள்ள. பூர்வீகம் தேடிக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கவிதாவுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. அங்கே பழக்கமான தினேஷ் மணிமங்கலத்துக்காரர். எங்கள் கொள்ளுத்தாத்தா முனுசாமியின் ஊரும் அதுதான். நிச்சயம் பேசும்போதுதான் தினேஷின் கொள்ளுத்தாத்தா பெயரும் முனுசாமி என்று தெரிந்தது. குலதெய்வமும் ஒன்று. ஒரே ஆளாக இருக்கும், இரண்டு சம்சாரம் வைத்திருந்திருப்பார் என்று பேச்சு கிளம்பியது. அப்படியானால் இவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தங்கை முறை.

"நீ போய்ப் பாருண்ணா. ஆமான்னா ஆமான்னு சொல்லிடு, தாங்கிக்கறேன்" என்றாள் கவிதா. அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறி, பதினொன்றரைக்கு ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் வழியாகப் படப்பை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பேருந்துகள் சாலையை அடைத்துவிடும். முன்னதாகவே ஒரகடத்தைத் தாண்டிவிடுங்கள்.

படப்பையில் தினேஷின் அப்பா எட்டியப்பன் தன் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தார்.

"தங்கமான பொண்ணுப்பா. ஆனா ஒரே ஊரு, ஒரே பேரு, ஒரே சாமி. வேற இன்னா வேணும்?"

"கொள்ளுத்தாத்தா நிலம் வாங்கின பத்திரத்தைப் பார்த்துட்டுப் பேசுவோங்க" என்றேன்.

மணிமங்கலத்து நிலங்களைப் பதியும் படப்பை சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணோடு விண்ணப்பித்து, மறுநாள் எங்கள் பழைய கிரயப் பத்திரத்தின் நகல் வாங்கினோம். வாங்கியவர் எல்லப்பன் மகன் முனுசாமி. நிலத்தின் எல்லை சொல்லும் இடத்தில், கிழக்கே பொன்னன் மகன் முனுசாமி நிலம் என்று இருந்தது. பொன்னன் தன் தாத்தாவின் அப்பா என்றார் எட்டியப்பன். ஆக, முனுசாமிகள் இரண்டு பேர்!

எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது. எட்டியப்பன் விடவில்லை. "எல்லப்பனும் பொன்னனும் அண்ணந்தம்பியா இருந்தா? நெலம் ஒட்டிகினு கீது பாரு."

நியாயமான கேள்வி. அதற்குப் பத்திரத்தில் பதில் இல்லை. கையோடு கொண்டுபோயிருந்த டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டிகளை எடுத்தேன். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம் தலைமுறைக்குத் தலைமுறை அதிகம் மாறாது. பங்காளிகள் என்றால் அது எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவேண்டும்.

"ஒத்துகினா?"

"கல்யாணம் இல்லீங்க."

ஆட்டோவில் உட்கார்ந்தபடி அவர் வாயைத் திறந்தார். அவர் கன்னத்தின் உட்புறமும் பிறகு என் கன்னத்தின் உட்புறமும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. இரண்டும் தொடர்பே இல்லாத வேறு வேறு ஆண் வழி.

நீங்களும் தேடினால், பெயரை மட்டும் நம்பாதீர்கள். தகப்பன் பெயரையும் பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். பிறகு நேர் ஆண் வழியில் வந்த இருவருக்குப் பரிசோதனை செய்யுங்கள். இடையில் யாராவது தத்துப்பிள்ளையா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்வதாக இரு வீட்டாரும் ஒப்புக்கொண்ட பிறகே குச்சியை எடுங்கள்.

செய்தி சொல்ல எட்டியப்பனை அழைத்தேன். மறுமுனையில் ஆட்டோவை ஓரம்கட்டி நிறுத்தும் சத்தம்.

"நீ என்னைப் பெரிப்பான்னு கூப்ட்டுருவியோன்னு பயந்துகினே இருந்தேன்பா" என்றார். "எங்க, மாமான்னு ஒரு தபா கூப்புடு."